வெறும் பாத்திரம்

இரவல் வாங்கிய பாத்திரத்தை நான் ஒருநாளும் வெறுமனே திருப்பிக் கொடுத்ததில்லை. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஒரு கிண்ணம் மோர் வாங்கியிருந்தால்கூட, அந்தக் கிண்ணத்தில் ஒரு பிடி முருங்கைக்கீரையோ, அதுவும் இல்லாவிட்டால் ஒரு கரண்டி சர்க்கரையோ போட்டுத்தான் கொடுப்பேன். என் அம்மா குஞ்சம்மாள் என்னை அப்படி வளர்த்தாள். இதை எதற்கு எழுதுகிறாள் என்று நினைக்காதீர்கள், மேடம். விசாரணைக்காக, நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள். நடந்தது ஒரு பாத்திரத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

என் பெயர் ஹேமலதா. ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. கணவர் விஜயராகவன் மின்துறையில் வேலை செய்கிறார். எங்களுக்குக் குழந்தை இல்லை. கோரிமேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து சென்னை வரைக்கும் நாங்கள் பார்க்காத டாக்டர் கிடையாது. அந்தக் கதை உங்களுக்கு வேண்டாம். 'குழந்தை இல்லாத ஏக்கத்தில் செய்துவிட்டாள்' என்று எழுதிக்கொண்டால் உங்களுக்கு வேலை சுலபமாக முடியும், ஆனால் அது சரியில்லை. எங்கள் பள்ளியிலேயே இன்னும் இரண்டு ஆசிரியைகளுக்குக் குழந்தை இல்லை. அவர்கள் பாட்டுக்கு இருக்கிறார்கள்.

யோகமலரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறில் இலங்கையில் மறுபடி சண்டை மூண்டபோது, திருகோணமலையிலிருந்து அவளைப் படகேற்றி இந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது இருக்கும். ஒரு தூரத்து உறவுக்காரரோடு வந்து எங்கள் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தாள். எனக்குக் கல்யாணம் ஆகாத காலம். என்னை ஹேமாக்கா, ஹேமாக்கா என்று சுற்றிச் சுற்றி வருவாள். இரண்டு பேரும் ஒரே மாதிரி தாவணி கட்டிக்கொண்டு ஸ்டுடியோவில் போட்டோகூட எடுத்துக்கொண்டோம். இரண்டு வருஷம் கழித்து, நிலைமை கொஞ்சம் அடங்கியதும் அவளுடைய அம்மா ஆளனுப்பி அழைத்துக்கொண்டாள்.

போகும்போது என் அம்மா ஒரு எவர்சில்வர் தூக்குவாளி நிறைய முறுக்கு சுட்டுக் கொடுத்தாள். விளிம்பில் 'குஞ்சம்மாள், முத்தியால்பேட்டை' என்று பெயர் வெட்டிய வாளி. யோகமலர் வாங்கிக்கொள்ளத் தயங்கினாள்.

"எரவல்னு நெனச்சிக்கோடி. திரும்பி வர்றப்ப கொண்டாந்து குடு" என்றாள் அம்மா.

பதினாலு வருஷம் வாளி வரவில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். நானும் அதை மறந்துவிட்டேன்.

இரண்டாயிரத்து ஆறில், பள்ளிக்கூடம் திறந்த சமயம், எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் கண்ணையன் ஓர் இளைஞனையும் ஒரு சின்னப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த இளைஞன் யோகமலரின் தம்பி. அவனிடம் விலாசம் எதுவும் இல்லை. வாளியில் இருந்த பெயரைக் காட்டிக் காட்டியே ராமேஸ்வரத்திலிருந்து விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறான். கண்ணையனுக்கு என் அம்மாவைத் தெரியும், அதனால் நேரே எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். கண்ணையனைப் பற்றி இன்னொன்று. அவர் வண்டியில் மிச்சமாகும் கரிச் சாம்பலை எனக்கென்று ஒரு டின்னில் எடுத்து வைப்பார். பாத்திரம் தேய்க்க அதற்கு ஈடாக எந்தப் பவுடரும் கிடையாது. இதுவும் பின்னால் வருகிறது.

தம்பி எல்லாவற்றையும் சொன்னான். டவுன் கடைத்தெருவில் குண்டு வெடித்ததில் யோகமலரின் புருஷன் போய்விட்டான். தினமும் ஷெல் சத்தம், பீரங்கிக் குண்டு. பள்ளிக்கூடமெல்லாம் மூடிக் கிடக்கிறது. அவளுடைய அம்மா படுத்த படுக்கை. விட்டுவிட்டு வர முடியாது. அதனால் பிள்ளையை மட்டும் அனுப்பியிருக்கிறாள். பக்கத்து வீடுகளிலும் அப்படித்தானாம். ஆளாளுக்குத் தெரிந்த ஊருக்குப் பிள்ளைகளை அனுப்பி வைத்துவிட்டுப் பெரியவர்கள் அங்கேயே இருக்கிறார்களாம்.

"அக்கா சொன்னவ, இதில பேர் இருக்குது, அந்த வீட்டில குடுத்தாச் சரியெண்டு" என்றான்.

பெண்ணுக்கு ஆறு வயது. பெயர் சாருஜா. அவள் வாளியை இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டினாள்.

"அன்ரி, இது உங்கட வாளியாம். அம்மா குடுக்கச் சொன்னவ."

திறந்து பார்த்தேன். உள்ளே எள்ளுப்பாகு. எள்ளையும் வெல்லப்பாகையும் சேர்த்து இடித்து அவர்கள் ஊரில் பிடிக்கும் உருண்டை. யோகமலர் எங்கள் வீட்டில் இருந்து பழகியவள் அல்லவா, வாளியை வெறுமனே அனுப்பவில்லை. எள்ளுப்பாகு இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளையும் இருந்தாள். திரும்பி வரும் பாத்திரத்தோடு வருவதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை, மேடம். நான் கொடுத்த முருங்கைக்கீரையை எந்த வீட்டிலாவது போய் நான் திருப்பிக் கேட்டிருக்கிறேனா?

அன்று அப்படி நினைத்தேன் என்று சொல்லவில்லை. அன்று அவளுக்குத் தலையில் எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினேன், அவ்வளவுதான்.

தம்பி சில வாரங்களில் ஏஜென்ட் யாரையோ பிடித்துக் கனடா போய்விட்டான். அதற்குப் பிறகு அவனைப் பற்றித் தகவல் இல்லை.

ஜூலை பதினாலையொட்டிக் கடற்கரையில் வாணவேடிக்கை விடுவார்கள், பிரெஞ்சுக்காரர்களின் தேசிய தினத்துக்காக, இது அவர்கள் ஆண்ட ஊர் அல்லவா. முதல் வெடி வெடித்ததும் சாருவைக் காணவில்லை. கட்டிலுக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். "அன்ரி, வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ" என்று என் புடவையைப் பிடித்து இழுத்தாள். தனக்குப் பயம் என்பதைவிட நான் வெளியே நிற்கிறேன் என்பதுதான் அவளுக்குப் பதற்றம். நானும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். வெடிச் சத்தம் அடங்கும் வரைக்கும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இதை நான் மறைக்க விரும்பவில்லை.

பள்ளியில் என் வகுப்பிலேயே சேர்த்துக்கொண்டேன். சாருஜா என்ற பெயர் இங்கே யாருக்கும் வாயில் நுழையவில்லை என்பதால் சாருலதா என்று கொடுத்தேன். ஹேமலதாவின் பெண் சாருலதா என்றால் கேட்கவும் நன்றாக இருந்தது.

தொந்தரவு போனில்தான் வந்தது. யோகமலர் எங்கிருந்தாவது, யார் கடையிலிருந்தாவது கூப்பிடுவாள். "ஹேமாக்கா, பிள்ளையை ஒருக்காக் கூப்பிடுங்கோ." சாரு ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசுவாள். பேசி முடித்ததும் சாப்பிட மாட்டாள். போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். படுக்கையை நனைப்பாள், மறுநாள் வகுப்பில் தூங்குவாள். நான் ஆசிரியை. ஒரு குழந்தை மெல்ல மெல்லத் தேறி வரும்போது யார் வந்து கெடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எந்தப் பெற்றோராக இருந்தாலும் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன்.

அதனால் சாரு தூங்குகிறாள் என்று சொல்ல ஆரம்பித்தேன். குளிக்கிறாள், டியூஷன் போயிருக்கிறாள், பக்கத்து வீட்டில் விளையாடுகிறாள் என்றும் சொன்னேன். யோகமலர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. "பரவாயில்லை அக்கா, விளையாடட்டும். நான் வந்து கூட்டிக்கொண்டு போறன் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்பாள். அதை நான் சாருவிடம் சொல்லவில்லை. நடக்குமா நடக்காதா என்று தெரியாத காரியத்தைக் குழந்தையிடம் சொல்லி ஆசை காட்டுவது தவறு.

அந்த வருஷக் கடைசியில் அங்கே சண்டை பெரிதாகிவிட்டது. போன் நின்றுபோனது. பேப்பரில் தினமும் சாவுக் கணக்குத்தான். சாரு தினமும், "அம்மா எப்ப எடுப்பா?" என்று கேட்டாள். யோகமலர் இறந்திருக்கலாம், மேடம். அந்தச் சமயத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் 'இருக்கலாம்' என்று ஒரு குழந்தையிடம் சொல்ல முடியாது. குழந்தைகளுக்கு ஆமாம், இல்லை என்று இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். ஒன்றாம் வகுப்பு எடுப்பவர்கள் எல்லாருக்கும் இது தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை மடியில் உட்கார வைத்துச் சொன்னேன். "அம்மா சாமிகிட்ட போயிட்டாங்க."

கத்தி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. "ஷெல் விழுந்ததா?" என்றாள். ஆமாம் என்றேன். "அம்மம்மாவும்?" ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அன்ரி, உங்களுக்கு ஷெல் விழாதுதானே?" என்று கேட்டாள். விழாது என்றேன். அன்றிலிருந்து படுக்கையை நனைப்பது நின்றுவிட்டது. என் முறையில் பலன் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

கணவரிடமும் அதையேதான் சொன்னேன். போன் வந்தது, யாரோ சொன்னார்கள் என்றேன். அவர் மேல் தப்பில்லை. நான் சொன்னதை நம்புவது அவருக்குப் பழக்கம்.

ஒருத்தி செத்துவிட்டாள் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் காரியம் செய்யாமல் விட முடியாது. அது எங்கள் வழக்கம் இல்லை. செத்த நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையை வைத்துக்கொள்ளலாம் என்று ஐயர் சொன்னார். தை அமாவாசை அன்று வைத்திக்குப்பம் கடற்கரையில், என் கணவர் சாருவின் கையைப் பிடித்து எள்ளும் தண்ணீரும் விட வைத்தார். வீட்டில் இலை போட்டுப் படைத்தோம். மாட்டுவதற்கு யோகமலரின் போட்டோ வேண்டியிருந்தது. எங்கள் பழைய ஸ்டுடியோ போட்டோவில் என்னைக் கத்தரித்துவிட்டு அவளை மட்டும் பிரேம் போட்டுச் சந்தன மாலை போட்டேன். தாவணி போட்ட பெண்ணைப் பார்த்து, "இது அம்மாவே?" என்று சாரு கேட்டாள். அவளுக்கு அந்த முகம் தெரியாது.

எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்ட வாரத்தில் போன் அடித்தது.

"ஹேமாக்கா, நான் யோகம். உயிரோட இருக்கிறன் அக்கா. அம்மா செத்துப்போனா. முகாமில இருக்கிறம். பிள்ளை எப்பிடி?"

நீங்களே சொல்லுங்கள். காரியம் செய்தாயிற்று. படைத்தாயிற்று. குழந்தை தேறிவிட்டாள், என்னை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். இந்த நேரத்தில் ஒருத்தி உயிரோடு இருக்கிறேன் என்றால் நான் என்ன செய்வது? ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். அடுத்த வாரம் போன் நம்பரை மாற்றிக்கொண்டோம். லைனில் ஒரே இரைச்சல் என்று கணவரிடம் சொன்னேன்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் யோகமலருக்கு நம்பர் தேவையில்லை, வீடு தெரியும்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை. கணவர் சாருவை நோணாங்குப்பத்துக்குப் படகு காட்டக் கூட்டிப் போயிருந்தார். நான் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் மெலிந்து கறுத்த ஒரு பெண் கண்ணையனிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் தலையைச் சாய்த்து நின்ற விதத்திலேயே யோகமலர் என்று தெரிந்துவிட்டது. கண்ணையன் வழி சொல்ல ஆரம்பித்தால் லேசில் முடிக்க மாட்டார். இந்த வீட்டை யார் கட்டினார்கள், எப்போது மாடி எடுத்தார்கள் என்று அதிலிருந்துதான் தொடங்குவார். எனக்கு நேரம் கிடைத்தது.

கூடத்தில் மாட்டியிருந்த அவளுடைய போட்டோவைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். மாலையை மட்டும் உருவிச் சாருவின் பள்ளிக்கூடப் போட்டோவுக்குப் போட்டேன். ஒரு மாலையே போதுமாக இருந்தது. குட்டிச் செருப்பையும் பையையும் பீரோவில் வைத்துவிட்டு, விளக்கை ஏற்றிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

"ஹேமாக்கா, என்னைத் தெரியேல்லையே?"

"உள்ள வா யோகா" என்றேன். தண்ணீர் கொண்டுவர உள்ளே போனேன். நான் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, மேடம். திரும்பி வரும்போது அவள் போட்டோவின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் அழுததைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. எனக்கும் அழுகை வந்தது, அது நடிப்பில்லை. புருஷன் போய், தாய் போய், வீடு போய் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தவள். அதோடு இதையும் சேர்த்து அழுதுவிட்டால் ஒரேயடியாக முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. இனி அவளுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு நிம்மதிதான்.

மூளைக்காய்ச்சல் என்று சொன்னேன். "கடைசியா என்னைக் கேட்டவளே?" என்றாள். கேட்டாள் என்றேன். அதில் பொய் இல்லை. ஆரம்பத்தில் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள்.

"எங்க அக்கா தாட்டனீங்கள்?"

சின்னப் பிள்ளைகளைப் புதைப்பதுதான் வழக்கம். ஆனால் புதைத்தோம் என்றால் இடத்தைக் காட்ட வேண்டும். எரித்துவிட்டோம், வைத்திக்குப்பத்தில் கடலில் கரைத்துவிட்டோம் என்றேன். அவள் தலையாட்டினாள். எழுந்து நின்றாள். வெறும் கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. அவ்வளவு தூரம் வந்தவளை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை.

"கொஞ்சம் உனக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனேன்.

கண்ணையன் கொடுத்த சாம்பல் டின்னில் இருந்தது. கரித்துண்டுகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மாவு சல்லடையில் சலித்தேன். எதில் போடுவது என்று பார்த்தபோது அலமாரியில் அந்தத் தூக்குவாளி இருந்தது. அதில் போட்டு மூடி, மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதை வாங்கி, பிள்ளையைத் தூக்குவது மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்கள் இருந்தபடியால் அவள் தனியச் சாகேல்லை அக்கா."

நல்ல பெண். அந்த நிலைமையிலும் நன்றி சொல்ல மறக்கவில்லை.

"ராமேஸ்வரத்துக்கே போயிடு யோகா. இங்க ஒனக்கு யாரு இருக்கா?" என்றேன். "ஓம் அக்கா" என்றாள். வாசல் வரைக்கும் போய் அனுப்பினேன். கண்ணையன் வண்டியில் இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த துணிகளின் மேலே சாருவின் யூனிபார்ம் இருந்தது. அதைத் தாண்டித்தான் போனாள்.

சாயந்திரம் சாரு வெயிலில் கறுத்துப்போய் வந்தாள். படகில் போனதைப் பற்றி ஓயாமல் பேசினாள். போட்டோவையும் மாலையையும் பழைய இடத்துக்கே மாற்றியிருந்தேன். அன்று அவள் நன்றாகச் சாப்பிட்டாள்.

ராமேஸ்வரம் போகிறேன் என்று சொன்ன யோகமலர் போகவில்லை. வடக்கே இருக்கும் அகதிகள் முகாமில் பெயர் கொடுத்து அங்கேயே இருந்திருக்கிறாள். பிள்ளை கரைந்த கடலை விட்டு எங்கே போவது என்று அங்கே சொன்னாளாம். வாளியில் இருந்ததை வைத்திக்குப்பத்தில் கரைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை தோறும் அங்கே வந்து நின்றிருக்கிறாள். இதெல்லாம் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் என்னிடம் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

வருஷத் திதியை முறைப்படி தை அமாவாசைக்கே செய்திருப்போம். அந்தச் சமயம் பார்த்துச் சாருவுக்கு அம்மை போட்டுவிட்டது. அம்மை பார்த்த வீட்டில் திதி கொடுக்கக்கூடாது. வேப்பிலை கட்டி, மூன்றாம் தண்ணீர் விட்டு முடிக்கும் வரை காத்திருந்தோம். மாசி மகத்துக்குக் கொடுத்துவிடலாம், அது இன்னும் விசேஷம் என்று ஐயர் சொன்னார். கணவர், "இந்த வருஷம் வுட்டுடலாம் ஹேமா, கொழந்தைக்கு ஒடம்பு சரியில்ல" என்றார். நான்தான் விடக்கூடாது என்றேன். செய்யாமல் விட்டிருந்தால் இன்றைக்கு இந்தப் பேப்பரே இல்லை. ஆனால் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட எனக்குத் தெரியாது, மேடம்.

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சுற்றுப்பட்டு ஊர்ச் சாமியெல்லாம் வந்து பந்தலில் வரிசையாக நிற்கும். கூட்டத்தில் குழந்தையின் கையை விட்டுவிட்டால் அவ்வளவுதான். நான் சாருவின் கையை விடவே இல்லை. கரையோரம் திதி கொடுப்பவர்கள் வரிசையில் எங்கள் ஐயரும் உட்கார்ந்திருந்தார். கணவர் சாருவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"குழந்தையோட தாயார் பேர் சொல்லுங்கோ" என்றார் ஐயர்.

சுற்றிலும் மேளச் சத்தம். கணவர் உரக்கச் சொன்னார். "யோகமலர்."

முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்த ஒரு பெண் திரும்பினாள். எனக்கு முதலில் அடையாளம் தெரிந்தது அவள் கையிலிருந்த வாளிதான். விளிம்பில் அம்மாவின் பெயர்.

அவள் கணவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு சாருவைப் பார்த்தாள். கத்தவில்லை. தண்ணீரிலிருந்து நடந்து வந்தாள். "சாரு" என்றாள். "என்ட பிள்ளை."

சாரு வீறிட்டாள். "அம்மா! பேய், அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பெற்றவளைப் பார்த்துப் பயந்தாள், ஒளிந்துகொள்ள என்னிடம் வந்தாள். யார் அம்மா என்று கேட்டால் இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

"இது யாரு ஹேமா?" என்றார் கணவர்.

"தெரியல. யாரோ புத்தி பேதலிச்சவ போலருக்கு. வாங்க போலாம்."

அப்போதும் போயிருக்கலாம். கூட்டம் எங்கள் பக்கம்தான் இருந்தது. சுற்றி நின்றவர்கள் யோகமலரைத்தான் பிடித்து நிறுத்தினார்கள். அவள் அவர்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஈர மணலில் அப்படியே உட்கார்ந்து, வாளியின் மூடியைத் திறந்து, எங்கள் பக்கம் நீட்டினாள். உள்ளே எள்ளுப்பாகு.

"உனக்குப் படைக்கத்தான் பிள்ளை கொண்டந்தனான்" என்றாள். "நீ இல்லையெண்டல்லோ சொன்னவை."

சாரு என் புடவையிலிருந்து ஒரு கண்ணை மட்டும் எடுத்துப் பார்த்தாள். அவளையல்ல, வாளியைத்தான் பார்த்தாள். என்னை விட்டு ஓரடி வைத்தாள். பிறகு இன்னோரடி. குனிந்து மோந்து பார்த்தாள். யோகமலர் அசையவில்லை, தொடக்கூட இல்லை. சாரு ஓர் உருண்டையை எடுத்தாள்.

செத்தவர்களுக்குப் படைக்க வைத்ததை உயிரோடு இருக்கிற குழந்தை தின்னக்கூடாது. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் போய் அவள் கையைப் பிடித்துத் தடுத்தேன். சாரு என் கையைத் தட்டிவிட்டாள். தட்டிவிட்டு, உருண்டையை வாயில் போட்டுக்கொண்டாள். மென்றுகொண்டே யோகமலரின் மடியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். ஒரு வருஷத்துக்கு முன்னால், நான் சொன்ன ஞாயிற்றுக்கிழமை அன்று அழாத அழுகை. இரண்டு மூன்று சாமிகள் தீர்த்தவாரி முடிந்து கரையேறும் வரை அது நிற்கவில்லை. கணவர் தலையில் கைவைத்து மணலில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். தாய் உயிரோடு இருப்பது தெரிந்தும் குழந்தையிடம் சொல்லாமல் மறைத்தேன். குழந்தை உயிரோடு இருக்கும்போதே தாயிடம் செத்துவிட்டாள் என்றேன். இஸ்திரி வண்டிச் சாம்பலைப் பிள்ளையின் சாம்பல் என்று கொடுத்தேன். மூன்றையும் நான் ஒருத்திதான் செய்தேன். கணவருக்கோ கண்ணையனுக்கோ எதுவும் தெரியாது. கண்ணையனை விசாரித்துக் கஷ்டப்படுத்த வேண்டாம், அவர் சாம்பலை நல்ல மனதோடுதான் கொடுத்தார்.

எனக்கு யோகமலர் மேல் கோபம் இல்லை. சாரு இப்போது அவளோடு முகாமில் இருப்பதாகச் சொன்னீர்கள். இருக்கட்டும். கொஞ்ச நாள் இருந்து பார்க்கட்டும். தகரக் கூரை, வெயில், குழாயடிச் சண்டை. சாரு நான் பிசைந்து ஊட்டினால்தான் சாப்பிடுவாள்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அந்தத் தூக்குவாளி யோகமலரிடம் இருக்கிறது. அது என் அம்மாவின் பெயர் வெட்டியது, நான் அதை இரவலாகத்தான் கொடுத்தேன். அவசரமில்லை, அவளுக்கு முடியும்போது கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்று சொல்லுங்கள். வேறெதுவும் சொல்ல வேண்டாம். அவள் எங்கள் வீட்டில் இருந்து பழகியவள். வெறுமனே கொண்டுவர மாட்டாள்.